தீபாவளிப் படமும் பாட்டுப் புத்தகமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

இன்றைய ஒன்றுகூடலில் கல்லூரியின் தோற்றம், அதிபர்களின் சேவை, விளையாட்டு, சங்கீதம், விடுதி வாழ்க்கை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடயத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் பண்டிகைக் காலப் படங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று செயற்குழுவுக்கு அறிவித்தபோது, கல்லூரி விழாவில் சினிமாவுக்கு என்ன வேலை என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்விதான். கல்லூரி வளவுக்குள் சினிமா என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொன்னோம். ஆனால் இங்கே இருக்கும் ஐந்நூறு பேரில் ஒருவராவது மாமர நிழலில் சினிமாக் கதை கேட்காமல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியேறியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அதுவும் எங்கள் கல்லூரி வரலாறுதான். அறிக்கைகளில் ஏறாத வரலாறு.

பண்டிகைக்குப் படம் வெளியிடும் வழக்கம் பழையது. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் தொடங்கி, மூன்று தீபாவளிகளைக் கண்டது. எங்கள் அம்மாமார் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே மார்கழி மாதத்தில் அரிசிமா இடித்தார்கள். சிவாஜி கணேசனின் முதற்படமான 'பராசக்தி' 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்தது. 1964 நவம்பர் 3ஆம் திகதித் தீபாவளிக்கு 'நவராத்திரி', 'முரடன் முத்து', 'படகோட்டி' மூன்றும் ஒன்றாக வந்தன. 1967 தீபாவளிக்குச் சிவாஜியின் இரண்டு படங்கள், 'ஊட்டி வரை உறவு', 'இரு மலர்கள்' ஒரே நாளில் வெளியாயின. இரண்டிலும் கே. ஆர். விஜயா. எம்.ஜி.ஆருக்குப் பொங்கல்தான் ராசி என்று அவருடைய ரசிகைகள் சொல்வார்கள். 1965 பொங்கலுக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை', 1966 பொங்கலுக்கு 'அன்பே வா'.

இவையெல்லாம் சென்னைத் திகதிகள். யாழ்ப்பாணத்துத் திகதி வேறு. படப்பெட்டி கடல் கடந்து, அனுமதி பெற்று, முதலில் கொழும்புக்குப் போய், பிறகுதான் எங்கள் வின்சருக்கோ வெலிங்டனுக்கோ ராஜாவுக்கோ ராணிக்கோ மனோகராவுக்கோ வந்து சேரும். ஆகவே தீபாவளிப் படம் எங்களுக்குத் தைப்பொங்கலுக்கு வரலாம், சித்திரை வருடப் பிறப்புக்கும் வரலாம். ஆனால் அதன் பாட்டு அப்படிக் காத்திருக்கவில்லை. படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்னரே பாட்டு வந்துவிடும்.

அதற்குக் காரணம் இலங்கை வானொலி. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களுக்கு இடமில்லாமற் செய்தார். 1957இல் 'விவித் பாரதி' தொடங்கும்வரை அந்த நிலை இருந்தது. அந்த இடைவெளியில் இந்தியர்கள் கொழும்பு வானொலியைத் திருகக் கற்றுக்கொண்டார்கள். சென்னையில் பிறந்த பாட்டைச் சென்னைக்காரர் கொழும்பிலிருந்து கேட்டார்கள். எங்களுக்கோ அது வீட்டு வானொலி. காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு 'பிறந்தநாள் வாழ்த்து', 'நீங்கள் கேட்டவை'. விருப்பப் பாடலுக்குப் போஸ்காட் எழுதுவதென்றால் பெயர் எழுத வேண்டும். பெண்பிள்ளையின் பெயர் ஊர்ப் பெயரோடு வானொலியில் வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பல போஸ்காட்டுகளில் தம்பியின் பெயர் இருந்தது. நாலு வயதுத் தம்பி 'படகோட்டி'ப் பாட்டுக் கேட்டதாக வானொலி அறிவித்த நாட்களும் உண்டு.

வானொலிக்கு அடுத்தது பாட்டுப் புத்தகம். இளைய தங்கைமார் இதைக் கண்டிருக்க மாட்டீர்கள் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், மட்டமான கடதாசி, ஒற்றை நிறத்தில் அட்டைப்படம். உள்ளே நடிகர், நடிகையர் பெயர்ப் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம், பிறகு பாடல்கள். கதைச் சுருக்கம் கதாநாயகி மிகப் பெரிய கஷ்டத்தில் அகப்படும் இடத்தில் நின்றுவிடும். மிகுதியை வெள்ளித் திரையில் காணுமாறு ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். சில சதங்களுக்குத் தியேட்டர் வாசலிலும் பஸ் நிலையத்திலும் விற்றார்கள். படம் பார்த்துவிட்டு வந்த அண்ணன்மார் வாங்கி வருவார்கள். அது அண்ணனின் சட்டைப் பையிலிருந்து அக்காவின் தலையணைக்குக் கீழே போகும். அங்கிருந்து எங்கள் பூமிசாஸ்திரப் புத்தகத்துக்குள் வந்து, கல்லூரிக்குள் நுழைந்துவிடும்.

படம் பார்க்காத பிள்ளைக்கு அந்தப் புத்தகம்தான் படம். மிகுதிக் கதையை நாங்கள் வெள்ளித் திரையில் காணவில்லை, நாங்களே உண்டாக்கினோம். அவள் அவனைக் கலியாணம் முடித்திருப்பாள், இல்லை, செத்திருப்பாள் என்று இரண்டு கட்சி பிரியும். பாட்டின் ராகம் வானொலியில் வந்துவிட்டது, சொற்கள் கையில் இருந்தன, முகங்கள் 'பேசும் பட'த்திலும் 'பொம்மை'யிலும் இருந்தன. அந்த மூன்றையும் ஒட்டிவைத்து ஒரு முழுப் படத்தை மனத்தில் ஓட்டினோம்.

பார்த்த பிள்ளை ஒருத்தி வகுப்பில் இருந்தால் அவள்தான் அந்தக் கிழமையின் ராசாத்தி. 'நவராத்திரி' இங்கு வந்து சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அது சிவாஜிக்கு நூறாவது படம். அவருக்கு ஒன்பது வேடம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் எங்களுக்குக் கதை சொன்ன தோழி அதைச் சாவித்திரியின் படமாகத்தான் சொன்னாள். வீட்டை விட்டு வெளியேறிய ஒரு பெண், ஒன்பது இரவுகளில் ஒன்பது ஆண்களைச் சந்திக்கிறாள். ஓர் இடைவேளைக்கு ஓர் இரவு என்று ஒன்பது நாள் சொன்னாள். மணி அடித்துவிடும். "பிறகு என்னடி நடந்தது?" என்று எல்லோரும் கத்துவோம். "பொறுங்கோ, நாளைக்குச் சொல்லுறன்" என்பாள். அடுத்த நாள் எங்கள் வகுப்பில் ஒருவரும் லீவு எடுக்கவில்லை. வரவுப் பதிவேட்டைப் பார்த்த வகுப்பாசிரியை, பிள்ளைகள் படிப்பில் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்களே என்று அதிபரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாராம்.

பிற்காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நல்ல படம். ஆனால் என் தோழி சொன்னதில் இருந்த இரண்டு காட்சிகள் அதில் இல்லை. அவை அவளுடைய சொந்தச் சரக்கு.

இனி, படத்தோடு வந்த மற்றப் பொருட்கள். லவுட்ஸ்பீக்கர் கட்டிய கார் ஒழுங்கைக்குள் வந்து நோட்டீஸ் எறியும். மஞ்சள், ரோசாப்பூ நிறத் தாள்களுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் ஓடுவார்கள். தியேட்டர் முகப்பில் பென்னாம்பெரிய கட்-அவுட் நிற்கும். பஸ்ஸில் போகும்போது அதைப் பார்க்காதவர்கள்போலப் பார்ப்போம். சினிமாப் பத்திரிகையின் நடுப்பக்கத்தால் கொப்பிக்கு உறை போட்டு, அதற்கு மேலே பிறவுண் பேப்பர் உறை போடும் தந்திரமும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒட்டோகிராப் கொப்பியில் பிரியாவிடை எழுதும்போது சினிமாப் பாட்டு வரி எழுதி, கீழே 'ஓர் அறிஞர்' என்று போட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள். சரோஜாதேவி கொண்டை போட்டால் விடுதியில் அவிழ்க்கச் சொல்வார்கள். அதனால் அது சனி, ஞாயிறுக் கொண்டை ஆயிற்று. தீபாவளிச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, தையற்காரரிடம் பாட்டுப் புத்தக அட்டையைக் காட்டி, "இந்தக் கை மாதிரி" என்று அம்மாவுக்குக் கேட்காமற் சொன்னோம்.

கிறிஸ்தவப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்த இடம் எங்கள் கல்லூரி. ஆகவே தீபாவளி, பொங்கலோடு நத்தாரும் எங்களுக்குப் படக் காலம்தான். ரீகலில் ஆங்கிலப் படம் ஓடும். 'தி சவுண்ட் ஒஃப் மியூசிக்' வந்தபோது விடுதிப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக வரிசையில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அனுமதி பெற்றுப் பார்த்த படம் என்பதால் அதன் பாட்டுகளைக் குசினி வரைக்கும் கேட்கும்படி பாடலாம். அடுத்த பரிசளிப்பு விழாவில் சேர்ந்திசையாகவும் அது மேடை ஏறியது. அதே நாட்களில் தமிழ்ப் பாட்டு ஒன்றை முணுமுணுத்ததற்காக முழங்காலில் நின்ற பிள்ளையும் உண்டு. இரண்டும் சினிமாப் பாட்டுத்தானே என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் எல்லாம் இனிப்பாக இருக்கும். ஆனால் பழைய நினைவுகளைப் பேசும்போது எங்களுக்கு வசதியானதை மட்டும் பேசக்கூடாது. தீபாவளிக்குப் புதுச்சட்டையே இல்லாத பிள்ளையும் எங்கள் வகுப்பில் இருந்தாள். பாட்டுப் புத்தகத்தை இரவல் வாங்கி இரவோடு இரவாகக் கொப்பியில் எழுதி எடுத்தவள் அவள். வயதுக்கு வந்த பிறகு தியேட்டர் வாசலை மிதிக்கவிடாத வீடுகள் பல. அண்ணன் சிவராத்திரிக்கு விடிய விடிய ஒரே ரிக்கற்றில் இரண்டு மூன்று படம் பார்த்துவிட்டு வந்து நித்திரை கொள்வான். தங்கை எழும்பி முற்றம் கூட்டுவாள். எங்கள் கதை சொல்லும் திறமை பாதி இந்தத் தடையால் வளர்ந்தது. ஆனால் திறமை வளர்ந்தது என்பதற்காகத் தடை நல்லதாகிவிடாது.

1970களில் நிலைமை மாறியது. இந்தியப் படங்களும் சஞ்சிகைகளும் கட்டுப்படுத்தப்பட்டன. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. தீபாவளி மலர் வராத தீபாவளி எங்களுக்குப் பெரிய குறைதான். ஆனால் அந்தக் காலத்தில்தான் எங்கள் மண்ணை எங்கள் மொழியில் திரையில் கண்டோம். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972இல் வந்தது. தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' 1977இலும், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுத்த 'வாடைக்காற்று' 1978இலும் வந்தன. சிவாஜியும் மாலினி பொன்சேகாவும் நடித்த 'பைலட் பிரேம்நாத்' என்ற கூட்டுத் தயாரிப்பு 1978 தீபாவளியை ஒட்டி வெளியானது. பனையும் வேலியும் வாடைக்காற்றும் சினிமாவில் வரும் என்று அதற்கு முன் நாங்கள் நினைத்ததேயில்லை.

பிறகு வீடியோ டெக் வந்தது. 'பூவே பூச்சூடவா' 1985இல் வந்தபோது, எனக்குப் பத்துப் பன்னிரண்டு வகுப்புப் பிந்திய தங்கைமார் நதியா வளையல், நதியா தோடு என்று கேட்டு அலைந்தார்கள். நாங்கள் கதாநாயகியாகக் கண்ட பத்மினி அதில் அம்மம்மா. அதைப் பார்த்தபோதுதான் எங்களுக்கும் வயது போவது விளங்கியது.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றறியும் கிடைக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவால் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் கேட்க வேண்டும். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும், பாட்டும் ஓயும். அந்த நாட்களில் இங்கே படித்த தங்கைமாருக்குத் தியேட்டரும் தெரியாது, தொலைக்காட்சியும் அரிது. ஆனால் பாட்டுத் தெரியும், கதை தெரியும்.

1995ஆம் ஆண்டுத் தீபாவளி ஒக்ரோபர் 23ஆம் திகதி. அன்று சென்னையில் 'முத்து'வும் 'குருதிப்புன'லும் வெளியாயின. ஒரு கிழமை கழித்து, ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் எழும்பி, நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நடந்தது. கையில் எடுத்தவை அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் சேட்டிபிக்கற், கொஞ்சம் உடுப்பு, அரிசி. பாட்டுப் புத்தகத்தை யார் எடுப்பார்கள்? ஒட்டோகிராப் கொப்பியை யார் எடுப்பார்கள்? திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இருக்கவில்லை. கூரை இருந்த வீடுகளிலும் அலுமாரியைக் கறையான் வாசித்து முடித்திருந்தது.

இதனால்தான் இந்த விடயத்தை இன்று பேச எடுத்தேன். எங்கள் நூற்றாண்டு மலருக்குப் படங்கள் தேடியபோது பரிசளிப்பு விழா, வலைப்பந்தாட்ட அணி, மாணவ தலைவிகள் என்று வரிசையாக நின்று எடுத்த படங்கள் கிடைத்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. வரிசை கலைந்த பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன பேசினார்கள், என்ன பாடினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதற்கு எங்களிடம் ஒரு தாளும் இல்லை.

இப்படிப்பட்ட தாள்கள் பெறுமதியற்றவை என்று நினைக்காதீர்கள். முதலாவது தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கும் இதே கதி. தியடோர் பாஸ்கரன் போன்ற வரலாற்றாசிரியர்களுக்கு, அழிந்துபோன படத்தின் கதையும் பாட்டும் நடிகர் பெயரும் பாட்டுப் புத்தகத்திலிருந்துதான் கிடைத்தன. பிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதராகப் படங்களையும் விபரங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்திருக்காவிட்டால், தமிழ்ச் சினிமாவின் கணக்கே எங்களுக்குத் தெரிந்திராது. யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்ததால்தான் இருக்கிறது.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் தீபாவளிப் படம் சென்னையில் வெளியாகும் அதே நாளில் வெளியாகிறது. எங்கள் பேரப்பிள்ளைகள் அதை எங்களுக்குக் கைத்தொலைபேசியிலும் காட்டுகிறார்கள். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. காத்திருந்து காத்திருந்து ஆறு மாதம் பிந்திப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி! ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். படம் முடிந்ததும் பிள்ளைகள் எழும்பிப் போய்விடுகிறார்கள். கதை சொல்ல ஆள் தேவையில்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அல்லது விரும்பிய நேரத்தில் பார்க்கலாம். எங்களுக்குப் படம் முடிந்த பிறகுதான் தொடங்கியது.

ஆகவே பழைய மாணவிகள் சங்கக் கிளைகள் எல்லாவற்றிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில், அம்மாவின் அலுமாரியில், ஒரு பாட்டுப் புத்தகமோ, தியேட்டர் நோட்டீஸோ, ஒட்டோகிராப் கொப்பியோ, கையால் எழுதிய பாட்டுக் கொப்பியோ இருந்தால் எறியாதீர்கள். தெளிவாக ஒரு படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், யாருடையது என்று ஒரு வரி எழுதுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005ஆம் ஆண்டு முதல் மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' போன்ற முயற்சிகள் எங்களுக்கு முன்மாதிரியாக இருக்கின்றன. பாடசாலை மலர்களைக்கூட அங்கே வைத்திருக்கிறார்கள். நாங்கள் சேர்ப்பதையும் அப்படி ஓரிடத்தில் வைக்கலாம்.

தாள் ஒன்றும் இல்லாதவர்களுக்கு இன்னொரு வேலை. உங்களுக்கு ஒரு தோழி சொன்ன படக் கதையை, அவள் சொன்ன மாதிரியே, இல்லாத காட்சிகளோடும் சேர்த்து, பத்து நிமிடம் பேசி ஒலிப்பதிவு செய்து அனுப்புங்கள். யாழ்ப்பாணப் பேச்சிலேயே பேசுங்கள். திருத்த வேண்டாம். 'நவராத்திரி'யை ஒன்பது நாள் சொன்ன என் தோழி இப்போது இல்லை. அவளுடைய குரல் எங்கும் பதிவாகவில்லை. உங்கள் தோழி இருந்தால், அடுத்த கிழமை அவளுக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். தீபாவளி வரைக்கும் பொறுக்க வேண்டாம்.

தேநீர் இடைவேளைக்கு மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. யாரிடமாவது ஒரு கதை இருந்தால் தொடங்கலாம்.